ஆகாயத்தில் ஒரு தபால் பாதை

கடிதம் எழுதித் தபால் பெட்டியில் போடுகிறீர்கள். அது எந்த ரயிலில் ஏற வேண்டும், எந்த ஜங்ஷனில் மாற வேண்டும் என்று நீங்களா யோசிக்கிறீர்கள்? விலாசம் எழுதுவதோடு உங்கள் வேலை தீர்ந்தது. ரேடியோ மூலம் கடிதம் அனுப்பிய அமெச்சூர்களுக்கு இந்தச் சௌகரியம் வெகு நாள் கிட்டவில்லை!

இவர்கள் சம்பளத்துக்காக அல்ல, ஆசைக்காக லைசென்ஸ் வாங்கி ரேடியோ நிலையம் நடத்துகிறவர்கள். 1978-ல் கனடாவின் மாண்ட்ரீல் நகரத்து அமெச்சூர்கள், எழுத்துச் செய்தியைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி ஆகாய மார்க்கமாக அனுப்பினார்கள். பொட்டலம் சிதையாமல் சேர்ந்தால் எதிர்முனை யந்திரம் தானே ரசீது அனுப்பும். ரசீது வராவிட்டால் மறுபடியும் அனுப்ப வேண்டியதுதான்.

தூரத்து ஊர் என்றால், நடுவிலுள்ள நிலையங்கள் கேட்டதைத் திருப்பிச் சொல்லும். 1984-ல் அமெரிக்காவில் வெளியான விதிப்படி அப்படி எட்டு நிலையங்கள் வரை வரலாம். அவற்றின் பெயர்களை அனுப்புகிறவரே வரிசையாக எழுத வேண்டும்! அதுகூடப் போகட்டும், கடைசி ஊரிலிருந்துதான் ரசீது வரும் என்பதல்லவா பெரிய சங்கடம்? கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு தாவல்; ஒவ்வொன்றிலும் பத்துக்கு ஒன்பது பிழைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். நூறு பொட்டலத்தில் 66 போய்ச் சேரும். ரசீதோ 43-க்குத்தான் திரும்பும். பாக்கி 57-ஐயும் முதலிலிருந்து அனுப்ப வேண்டும். அலைவரிசையோ எல்லோருக்கும் பொது. வேகம் விநாடிக்கு 1200 பிட்தான். ஒருவர் சொன்னதையே சொன்னால் மற்றவர்கள் வாய் மூடிக் காத்திருக்க வேண்டும்.

1987-ல் ரான் ரெய்க்ஸ், மைக் புஷ் என்ற இரு அமெரிக்க அமெச்சூர்கள் 'நெட்ராம்' என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தார்கள். இதில் ஒவ்வொரு நிலையமும் அடுத்த நிலையத்திடமே ரசீது வாங்கிக் கொள்ளும். தவறினால் அந்த ஒரு தாவலை மட்டும் மறுபடி செய்தால் போதும். வழி தேடுவதும் நிலையங்களின் பொறுப்பே. சாதாரணமாக மணிக்கு ஒரு முறை, "என் வழியாக இன்னின்ன ஊருக்குப் போகலாம், வழிக்கு இத்தனை மார்க்" என்று பறை சாற்றும். 255-க்கு மேல் மார்க் கிடையாது. தாவல் கூடக் கூட மார்க் குறையும்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சில இரவுகளில் காற்று மண்டலத்தின் நிலை மாறி, நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலுள்ள நிலையம் அடுத்த வீடு மாதிரி கேட்கும். உடனே நம் நிலையம் அதையும் நல்ல வழி என்று பட்டியலில் சேர்த்து, அண்டை அயலுக்கும் சொல்லிவிடும். விடிந்ததும் வழி மாயமாகும். பட்டியலிலிருந்து பெயர் உதிரவோ சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை கடிதங்கள் இல்லாத பாலத்தை நோக்கிப் போய்க் கொண்டிருக்கும்!

காரணம், மார்க்கை யந்திரம் அளந்து போடுவதில்லை. நிலையக்காரர் முன்கூட்டிக் குறித்து வைத்ததுதான். ஆகவே அநுபவசாலிகள், புதிதாகக் காதில் விழும் நிலையத்துக்கெல்லாம் மார்க் பூஜ்யம் என்று வைத்துவிட்டு, இரவு பகல் கேட்டுப் பழகிய அண்டை நிலையங்களுக்கு மட்டும் தங்கள் கையாலேயே மார்க் எழுதினார்கள்.