தி.நகருக்கு நடைபாதை, மணலிக்கு ரசீதா?

சென்னையில் அரையாண்டு சொத்து வரியை அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5% தள்ளுபடி, அதிகபட்சம் 5,000 ரூபாய். தேதி நெருங்க நெருங்க, மணலி, அம்பத்தூர் வாசகர்களின் கடிதங்களில் ஒரே கேள்வி: எங்கள் வரியை எடுத்துத்தான் தி.நகர் பாண்டி பஜாரை அழகுபடுத்தினார்களா?

நேரடியாக இல்லை. 2019 நவம்பரில் திறந்த அந்த நடைபாதை வளாகம் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வந்தது. ஊருக்கு 500 கோடி ரூபாய் மத்திய அரசு தரும் என்பது ஏற்பாடாக இருந்தது. அதே அளவை மாநில அரசும் மாநகராட்சியும் சேர்ந்து போட வேண்டியிருந்தது. மாநகராட்சிப் பங்கில் உங்கள் ரசீதும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் கோளாறு அதில் இல்லை.

திட்டத்தின் மையம் ‘பகுதி சார்ந்த மேம்பாடு’. பணம் ஊர் முழுக்கப் பரவாமல், தேர்ந்தெடுத்த ஓர் இடத்தில் குவிந்தது; சென்னையில் அது தி.நகர். பழைய பகுதியைச் சீரமைப்பதென்றால் குறைந்தது 500 ஏக்கர் காட்டினால் போதுமாக இருந்தது. சென்னையோ 426 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு லட்சத்து ஐயாயிரம் ஏக்கர். அதுவும் நகரங்களுக்கிடையே போட்டி வைத்துத் தேர்வு நடந்தது. 2016 ஜனவரியில் வந்த முதல் 20 நகரங்களின் பட்டியலிலேயே சென்னை இருந்தது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் முன்கூடத்தைத்தானே துடைப்போம்? ஒரு பகுதி முன்மாதிரியானால் மற்றவை பின்தொடரும் என்பது அரசின் வாதம். பின்தொடரப் பணம் எங்கிருந்து வரும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை.

இன்னும் சாமர்த்தியமான ஏற்பாடு ஒன்றும் இருந்தது. இந்தப் பணிகளில் மாமன்றத்துக்குள்ள அதிகாரத்தை ஒரு கம்பெனியிடம் ஒப்படைக்கச் சொன்னது திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறை. மாநில அரசும் மாநகராட்சியும் அதில் சரிபாதிப் பங்குதாரர்கள். சென்னையில் பணிகள் நடந்த ஆண்டுகளில் பெரும்பாலும் மாமன்றமே இல்லை: 2016 அக்டோபரிலிருந்து 2022 தேர்தல் வரை கவுன்சிலர்கள் கிடையாது. தி.நகருக்கும்தான் கிடையாது, ஆனால் கடைத்தெருவின் குரல் எப்படியும் கோட்டைக்குக் கேட்டுவிடும்.

மணலி, அம்பத்தூர் போன்ற விரிவாக்கப் பகுதிக்கு வரி குறைவா? உயர்ந்த வீதம் குறைவுதான்: 2022 உயர்வில், 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்குப் பழைய சென்னையில் 50%, 2011-இல் சேர்ந்த பகுதிகளில் 25%.

அங்கே பணமே போகவில்லையா? கொசஸ்தலையாறு வடிநில மழைநீர் வடிகாலுக்குப் போயிருக்கிறது. ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில்.

கோபத்தில் வரியைக் கட்டாமல் விட்டால்? வட்டி ஏறும், தி.நகருக்கு ஒன்றும் குறையாது.