பந்திக்கு முந்து!

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்னும் பழமொழியை நம்மவர்கள் பரிகாசமாகவே வழங்கி வருகிறார்கள். ஆனால் பந்திக்கு முந்துவதற்கும் ஒரு காலத்தில் படைக்கு முந்தும் தைரியம் வேண்டியிருந்தது. பந்தியில் யார் உட்காரலாம், யார் பக்கத்தில் யார் உட்காரலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பவையெல்லாம் பெரிய வழக்குகளாக இருந்த நாடல்லவா இது? சென்னைப் பட்டணத்துச் சிற்றுண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இட்லியின் மென்மையையும் காப்பியின் மணத்தையும் வர்ணித்துவிட்டு அவ்வளவில் நிறுத்திக் கொள்கிறார்கள். நாமும் அவற்றை வர்ணிக்கத்தான் போகிறோம். நாவுக்குத் துரோகம் செய்ய நமக்கு மனமில்லை. ஆயினும், இட்லியோடு கூட அதைச் சாப்பிட்டவர்கள் உட்கார்ந்த பலகையையும் சற்றுக் கவனிக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

இந்த ஆராய்ச்சிக்கு வடபழனியைப் போல் தகுந்த இடம் வேறில்லை. முதலாவது, அங்கே முருகன் கோயில் இருக்கிறது. கிருத்திகையிலும் பங்குனி உத்தரத்திலும் காவடிகள் வருகின்றன. முகூர்த்த நாளென்றால் ஒரே காலையில் பல கல்யாணங்கள் நடந்தேறுகின்றன. இரண்டாவது, ஏவி.எம். ஸ்டூடியோ 1948-ம் வருஷத்தில் காரைக்குடியிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. விஜயா-வாஹினி ஸ்டூடியோவும் இதே வட்டாரத்தில்தான் கொடி கட்டிப் பறந்தது. சினிமாவில் ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று ஊரை விட்டு வந்த வாலிபர்கள் எத்தனை தலைமுறையாக இங்குள்ள மெஸ்களில் கணக்கு வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்! மூன்றாவது, இங்கே பஸ் நிலையம் உண்டு. 2015-ம் வருஷம் முதல் மெட்ரோ ரயிலும் நிற்கிறது.

ஆகவே வடபழனி ஹோட்டல் ஒன்றில் காலை வேளையில் நுழைந்தால், ஒரே மேஜையில் மாலையும் கழுத்துமாகப் புது மாப்பிள்ளையும், அரிதாரம் முற்றும் கலையாத துணை நடிகரும், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய பக்தரும், பையைத் தோளில் மாட்டிய பஸ் கண்டக்டரும் அமர்ந்திருப்பதைக் காணலாம். "நீர் யார்? எந்த ஜாதி?" என்று ஒருவரையொருவர் கேட்பதில்லை. "அந்தச் சட்னிப் பாத்திரத்தை இப்படித் தள்ளுங்கள்" என்பதே அங்கு நடக்கும் சம்பாஷணை.

இக்காலத்து இளைஞர்கள், இது என்றைக்கும் இப்படித்தான் இருந்தது என்று எண்ணக்கூடும். அதுதான் இல்லை. வெளியில் சாப்பிடுவதே ஆசாரக் குறைவு என்று கருதிய சமூகத்தில் காப்பி கிளப்புகள் தோன்றியபொழுது, சமைப்பவர் பிராமணர் என்ற உத்தரவாதமே வியாபாரத்துக்கு மூலதனமாயிற்று. வாசலில் 'பிராமணாள்' என்ற பலகை தொங்கிற்று. உள்ளேயும் பல இடங்களில் பிராமணர்களுக்கு ஒரு பகுதி, இதரர்களுக்கு வேறு பகுதி. ஆதிதிராவிடருக்கோ எந்தப் பகுதியிலும் இடமில்லை. ஒரே அடுப்பில் வெந்த இட்லி, நடுவிலிருந்த தட்டியைத் தாண்டியவுடன் வேறு இட்லியாகி விட்டது!

1950-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி அமுலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்தைப் படித்துப் பாருங்கள். கடைகள், பொதுச் சாப்பாட்டு விடுதிகள், ஹோட்டல்கள் ஆகியவற்றில் மத, ஜாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று அதில் கண்டிருக்கிறது. ஒரு பெருந்தேசத்தின் மூலச் சட்டத்தில் சாப்பாட்டுக் கடையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டி வந்ததென்றால், நோய் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்க வேண்டும்! அதன் பிறகும் பலகை எல்லா இடத்திலும் தானாக இறங்கிவிடவில்லை. 1957-ல் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டலின் எதிரே பெரியார் ஈ. வெ. ரா. மறியல் கிளர்ச்சி தொடங்க வேண்டியிருந்தது.

இனி நாவுக்குச் சேர வேண்டிய பாக்கியைத் தீர்ப்போம். பட்டணத்துக்கு ஹோட்டல் சாப்பாட்டின் ருசியைக் காட்டியவர்களில் உடுப்பிக்காரர்கள் தலைசிறந்தவர்கள். கே. கிருஷ்ணராவ் என்பவர் 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஹோட்டலை ஆரம்பித்தார். 1962-ல் கதீட்ரல் ரோட்டில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் தோன்றிற்று. மரநிழலில் மோட்டாரை நிறுத்தி, அதிலிருந்தபடியே தோசை சாப்பிடுவது அக்காலத்தில் பெரிய புதுமை. 2008-ல் அது மூடப்பட்டது. அவ்விடத்தில் 2010 முதல் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. உடுப்பி ஸாம்பாரில் வெல்லத்தின் இனிப்பு இலேசாகத் தலைகாட்டும். நம்மவர்களோ சின்ன வெங்காயத்தின் பக்கம் சாய்ந்தவர்கள். 1948-ல் திருவல்லிக்கேணியில் தோன்றிய ரத்னா கபேயில் இட்லிக்கு ஸாம்பார் என்பதை விட, ஸாம்பாருக்கு இட்லி என்று சொல்வதே பொருந்தும். வாளியோடு வந்து ஊற்றி இட்லியை முழுகடித்து விடுவார்கள். மயிலாப்பூர் ராயர் கபேயிலோ சில மேஜைகளே உண்டு. ஆயினும் கெட்டிச் சட்னியின் கீர்த்தி, காத்திருப்பவர்களின் வரிசையைக் குறைய விடுவதில்லை.

இவ்விதம் பட்டணமெங்கும் பரவிய சிற்றுண்டித் தொழில், வடபழனியை அடுத்த கே. கே. நகரில் 1981-ல் ஒரு திருப்பத்தை அடைந்தது. தூத்துக்குடிச் சீமையிலுள்ள புன்னையடி என்னும் சிற்றூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, மளிகைக் கடை நடத்திய பி. ராஜகோபால் அங்கே சரவண பவனை ஆரம்பித்தார். சைவச் சிற்றுண்டிக்குப் பூணூல்தான் அத்தாட்சி என்றிருந்த எண்ணம் அதன் பிறகு பட்டணத்தில் மேலும் தளர்ந்தது. சுத்தமும் ருசியுமே அத்தாட்சிகளாயின. கடல் கடந்த நாடுகளிலும் அதன் கிளைகள் தோன்றின. அந்த மனிதர் பின்னர் ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றதையும், 2019-ல் சுப்ரீம் கோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்ததையும், அவ்வருஷமே அவர் மாண்டதையும் மறைப்பது தர்மமாகாது. சாதனைக்காகக் குற்றத்தை மன்னிக்க வேண்டியதில்லை. குற்றத்துக்காகச் சரித்திரத்தை அழிக்கவும் வேண்டியதில்லை.

ஸ்டூடியோவுக்குள்ளும் பந்தி உண்டு. அங்கேயும் பேதம் உண்டு. கதாநாயகருக்கு ஒரு சாப்பாடு, விளக்குத் தூக்குகிறவருக்கு வேறு சாப்பாடு என்பது படத் தொழிலில் சர்வசாதாரணமாயிருந்தது. நடிகர் விஜயகாந்த், தாம் நடித்த படங்களில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு என்று வற்புறுத்தியதை அவருடன் வேலை செய்த பலரும் சொல்லியிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் அவர் காலமானபொழுது ஜனங்கள் அவருடைய சினிமா வசனங்களைக் காட்டிலும் அவர் போட்ட சோற்றைப் பற்றியே அதிகமாகப் பேசினார்கள். தமிழ் மக்களின் மனம் எதில் உருகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆனால் தட்டி ஒழிந்துவிட்டது என்று நாம் மார் தட்டிக் கொள்வதற்கில்லை. இன்றைய ஹோட்டல்கள் பலவற்றில் குளிர்சாதன அறைக்கு ஒரு விலை, வெளி அறைக்கு ஒரு விலை. ஜாதித் தட்டி இருந்த இடத்தில் பணத் தட்டி முளைத்திருக்கிறது. 2013-ல் சென்னை மாநகராட்சி 'அம்மா உணவகம்' திறந்து, ஒரு ரூபாய்க்கு ஓர் இட்லி கொடுக்கத் தொடங்கியதன் பெருமை இவ்விடத்தில்தான் விளங்கும். 2002-ல் திருக்கோயில்களில் அன்னதானத் திட்டம் ஏற்பட்டது. வடபழனி ஆண்டவர் சந்நிதியிலும் தினந்தோறும் பந்தி நடக்கிறது. பணம் இல்லாதவனும் வெட்கமின்றி உட்காரக் கூடிய பந்தி அது.

இன்னும் ஒருவர் பாக்கி இருக்கிறார். நமக்குப் பரிமாறுகிறவர்! இன்று அவர் பெரும்பாலும் பீஹாரிலிருந்தோ அஸ்ஸாமிலிருந்தோ வந்த வாலிபர். 'கெட்டிச் சட்னி' என்ற சொல்லைச் சிரமப்பட்டுக் கற்றுக் கொண்டு, தாயார் கையால் சாப்பிட்டு வருஷக் கணக்காகியும், நம் இலையில் என்ன குறைகிறதென்று பார்த்துக் கொண்டு நிற்கிறார். அவரை "ஏய்!" என்று கூப்பிடும் குரல் வடபழனியில் இன்னமும் கேட்கத்தான் செய்கிறது. பழைய பலகையை இறக்கிய நாம் இந்தக் குரலையும் சற்று இறக்க வேண்டாமா? குழந்தைகளை ஹோட்டலுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு நமது வேண்டுகோள் இதுவே: இட்லி வந்ததும் "தம்பி, சாப்பிட்டாயா?" என்று அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் நாம் நடத்தும் பல பாடங்களைவிட அந்த ஒரு கேள்வி குழந்தைகளின் மனத்தில் நெடுநாள் நிற்கும்.