பிளாஷ் போனாலும் பாடம் போகவேண்டாம்

ஜோகூரில் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் வீடுகளில், அண்ணன், அக்காள் பயன்படுத்திய பாடக் குறுந்தட்டு ஒன்றிரண்டு இன்னும் இருக்கலாம். பிளாஷில் செய்த பாடமென்றால், இன்றைய உலாவியில் அது திறக்காது.

அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு பிளாஷ் பிளேயரைக் கைவிட்டது. 2021 ஜனவரி 12 முதல் அதில் எதுவும் ஓடாதபடி தடுத்தது. குரோம் உலாவியும் 88-ஆம் பதிப்பில் அதை முற்றாக நீக்கியது. அந்தச் செருகுநிரலின் ஓட்டைகள் வழியே தீய நிரல்கள் கணினிக்குள் நுழைந்ததும் ஒரு முக்கியக் காரணம். ஆகவே, பழைய பிளேயரைத் தேடிப்பிடித்துப் பதிவிறக்காதீர்கள்.

வீட்டில் கணினி படித்த இளையோர் இருந்தால் வேலை எளிது. ‘ரஃபிள்’ என்னும் இலவச மென்பொருள், செருகுநிரல் இல்லாமலே பிளாஷ் கோப்புகளை ஓட்டும். ‘இன்டர்நெட் ஆர்கைவ்’ 2020 நவம்பரிலிருந்து இதைப் பயன்படுத்துகிறது. ரஃபிளையும் பாடத்தையும் ‘எலக்ட்ரான்’ கொண்டு ஒரே செயலியாக்கினால், இணையம் இல்லாமலும் மேசைக்கணினியில் இயங்கும். ‘ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3’ மொழியில் எழுதிய சில பாடங்கள் சரியாக ஓடாமல் போகலாம். அவற்றை எச்டிஎம்எல் 5-இல் புதிதாக எழுதவேண்டியதுதான்.

குறுந்தட்டும் நாளடைவில் கெட்டுப்போகும். எதற்கும் முதலில், இந்த வார இறுதியிலேயே, கோப்புகளை நகலெடுத்து வையுங்கள்.