தாய் தகப்பனுக்கு எதற்குப் பஸ் செலவு?



நமது சிறுவர் பிசியோதெரபி பிரிவின் கணக்கை வாசித்த சபை மூப்பர் ஒருவர், "சுகவீனம் பிள்ளைக்குத்தானே, தாய் தகப்பனுக்குப் பஸ் செலவும் சாப்பாடும் எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காணிக்கை கொடுப்பவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு.

ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். மூளை முடக்குவாதமுள்ள பிள்ளை வாரம் இருமுறை இங்கே வந்தாலும், எங்கள் பயிற்சியாளர் கையில் இருப்பது ஏறக்குறைய 2 மணி நேரமே. மீதி 166 மணி நேரமும் பெற்றோரிடம். இங்கே நீட்டிவிட்ட கால் வீட்டில் தவறான விதமாய்க் கிடந்தால் மறுபடியும் இறுகும். ஆகவே நாங்கள் முதலில் பெற்றோருக்கே கற்றுக்கொடுக்கிறோம்.

அது பெரிய வித்தை ஒன்றுமல்ல. இப்பிள்ளைகள் பலருக்குக் கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும். நம் ஊர்த் தாய்மார் பிள்ளையை ஒக்கலில் வைப்பார்களே, அப்படிக் கால்களை இருபுறமும் விரித்துத் தூக்குவதே நல்ல சிகிச்சை. சட்டை போடும்போது இறுகிய கையை முதலில் நுழைக்க வேண்டும். மல்லாக்கக் கிடத்திக் கஞ்சி புகட்டக் கூடாது, அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். நிமிர்த்தி உட்காரவைத்து, தலை சற்று முன்சாய, எதிரே இருந்து ஊட்ட வேண்டும். அழ அழ இழுத்துப் பயிற்சி கொடுக்கவும் கூடாது. அழும் பிள்ளையின் உடம்பு இன்னும் விறைக்கும்.

இது நாங்கள் கண்டுபிடித்த வழியல்ல. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் நோயாளிகளின் குடும்பத்தாரைக் கூடாரங்களில் உடன் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவிலும் அவ்வழக்கம் வேரூன்றியது. அங்கே அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினரை 10 வாரம் குழுவாக உட்காரவைத்துப் பேசிப் பழக்கினார்கள். மற்றவர்களுக்கு விரிவுரை மட்டும். முதல் பகுதியினர் தங்கள் பிள்ளையைப் பார்க்கும் பார்வை அதிகம் மாறியிருந்ததாக 1999-இல் ஒரு பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் எழுதினார்கள்.

இந்தப் பார்வைதான் கடினமான காரியம். பெரும்பாலும் தாய் தனியாகவே வருகிறாள். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் சீஷர்கள் கேட்ட "யார் செய்த பாவம்" என்ற கேள்வியை மாமியார் வீட்டில் அவளிடம் கேட்கிறார்கள். வருத்தத்தோடு சொல்லுகிறோம், சில ஜெபக்கூட்டங்களிலும் கேட்கிறார்கள். குறைமாதப் பிரசவம், பிறக்கையில் மூச்சுத்திணறல், கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் இவையெல்லாம் காரணமாகலாம். அவள் பாவம் காரணமல்ல. இதை அவளிடம் சொல்லும் வேலை பெரும்பாலும் எங்களுக்கே விழுகிறது. ஒரு தடவை சொன்னால் போதுவதில்லை. குற்ற உணர்வோடு கூட்டம் கூட்டமாய் அலைந்து, பிள்ளைக்கு நான்கு ஐந்து வயதான பிறகு வருகிறவர்களும் உண்டு. தசைகள் அதற்குள் குறுகிப்போகின்றன.

தகப்பன்மாரைக் குறை சொல்வது எளிது. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியுமுன் தோட்டத்திற்குப் போகிறார். இங்கே வந்தால் அன்றையக் கூலி போச்சு. மழை பெய்தால் வெட்டு இல்லை. அப்படியொரு மழை நாளில் ஒருவர் தம் மகனைத் தோளின் இருபுறமும் கால்போட்டுச் சுமந்து வந்தார். அப்படித் தூக்க வேண்டுமென்று மனைவி சொல்லிக்கொடுத்தாளாம். ஊட்டும் விதத்தையும் பார்த்துவிட்டுப் போனார். மூப்பர் கேட்ட கணக்கில் அவருடைய பஸ் செலவும் இருக்கிறது.