கேக்கின் மேல் ஓர் ஓவியம்

பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, திருமணம் என எவ்விழாவாயினும் கேக் வெட்டுதல் புலம்பெயர்ந்த நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. மொன்றியல் வெதுப்பகங்களில் 'போன் ஃபெத்' எனப் பிரெஞ்சு மொழியில் அழகுற எழுதித் தருவர். குழந்தையின் பெயரைத் தமிழில் எழுதித் தருவோரைக் காண்பதோ அரிது. இக்குறையை நாமே வீட்டில் நீக்கிக்கொள்ளலாம். அதற்கு ஓவியத் திறமை வேண்டுவதில்லை. ஒழுங்கும் பொறுமையும் போதும்.

என் மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு முதன்முதலாக ஒரு மயிலை வரைந்து கேக்கின் மேல் பதித்தேன். மயில் நன்றாகவே அமைந்தது. கீழே எழுதியிருந்த பெயரோ கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிக் கிடந்தது. அப்போதுதான் தமிழ் எழுத்துக்களைக் கற்றிருந்த அவள், "அம்மா, என்ரை பெயர் மற்றப் பக்கம் பார்க்குது" என்றாள். அன்று கற்ற பாடமே இக்கட்டுரை.

இம்முறையில் படத்தைத் தாளின் மேல் ஐசிங்கால் வரைந்து, உறையவைத்து, கேக்கின் மேல் கவிழ்க்கிறோம். கவிழ்ப்பதால் இரண்டு மாற்றங்கள் நேர்கின்றன. முதலாவது, இடம் வலமாகிறது. இரண்டாவது, முதலில் இட்டது மேலே தெரிகிறது. தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியர் கண்ணாடியின் பின்புறத்தில் வரைவதால் நுண்கோடுகளை முதலிலும் பின்னணியை இறுதியிலும் தீட்டுவர். நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

தேவையானவை: உப்பில்லாத பட்டர் 225 கிராம், ஐசிங் சீனி 450 கிராம், பால் ஓரிரு மேசைக்கரண்டி, உணவுக்குரிய பசைச் சாயங்கள், மெழுகுத்தாள், ஐசிங் பைகள். பட்டருக்குப் பதிலாக வெள்ளைத் தாவரக் கொழுப்பை மட்டும் பயன்படுத்தினால் ஐசிங் இறுக உறையாது, படம் கிழியும்.

செய்முறை:

1. கேக்கைவிடச் சுற்றிலும் 2 சென்ரிமீற்றர் சிறிதான படமொன்றைத் தேர்ந்தெடுக்கவும். மிக நுண்ணிய கோடுகளைக் குறைத்துக்கொள்ளவும்.

2. படத்தை யன்னல் கண்ணாடியில் கவிழ்த்து வைத்தால், பகலொளியில் கோடுகள் பின்புறம் தெரியும். அவற்றின் மேல் பென்சிலால் வரையவும். இதுவே இடவலம் மாறிய மாதிரி.

3. மாதிரியைப் பலகையொன்றில் ஒட்டி, அதன் மேல் மெழுகுத்தாளை இறுக்கமாக ஒட்டவும்.

4. கரிய ஐசிங்கால் மெல்லிய எல்லைக்கோடுகளை இட்டு, உறைபெட்டியில் 10 நிமிடம் வைக்கவும். இன்றேல் நிறங்களுடன் கோடு கலந்துவிடும்.

5. கண்மணி முதலிய சிறு பகுதிகளை முதலிலும் பெரிய பகுதிகளைப் பின்னரும் நிரப்பவும். இடைவெளி விட்டால் கவிழ்த்தபின் அவை குழிகளாகத் தெரியும்.

6. கேக்கின் நிறத்திலேயே அரைச் சென்ரிமீற்றர் தடிப்பில் ஐசிங்கை மேலே பூசி, கல்போல் இறுகும்வரை உறையவிடவும். முதல்நாள் இரவே செய்துவிடுதல் நன்று.

7. ஐசிங் பூசிய கேக்கின் மேல் படத்தை விரைவாகக் கவிழ்த்து, மெல்ல அழுத்தி, தாளை உரிக்கவும். மேலே நீர்த்துளிகள் அரும்பினால் துடைக்க வேண்டா, சாயம் கரையும். அவை தாமாகவே உலரும்.

பெயரை மட்டும் இம்முறையில் எழுதாதிருத்தல் தொடக்கக்காரருக்கு நன்று. தாளில் பெயரை நேராக எழுதி, இறுகிய ஐசிங்கின் மேல் வைத்து, பற்குச்சியால் எழுத்தின் வழியே துளையிடவும். தாளை எடுத்தால் புள்ளிகள் நிற்கும். அவற்றை ஐசிங்கால் இணைக்கவும். சோழமண்டலக் கரையின் துணி ஓவியரும் தாளில் துளையிட்டுக் கரித்தூள் தட்டியே துணியில் படத்தைப் பதித்தனர். 1742இல் கேர்தூ பாதிரியார் பிரெஞ்சு மொழியில் எழுதிய கடிதமொன்று அதனை விவரிக்கின்றது.

புள்ளிகளை இணைக்கும் பணியைப் பிள்ளைகளிடமே விடுங்கள். 'ழ'கரத்தின் சுழி சற்றுக் கோணினும் குற்றமில்லை. அடுத்த ஆண்டு என் மகளே தன் பெயரை எழுதினாள். விருந்தினர் வெட்டுமுன் அதனை உரக்க வாசித்தபோது அவள் முகத்தில் கண்ட மகிழ்ச்சியை உங்கள் இல்லங்களிலும் காண வாழ்த்துகிறேன்.