அன்றைக்குத் தெரிந்ததும் பிறகு தெரிந்ததும்

கிரியேட்டினின் 9.4. மனுஷ ரிப்போர்ட்டில் இப்படி ஓர் எண் வந்தால் பிரிண்ட் எடுக்கும் வரை காத்திருக்க மாட்டோம். லேபிலிருந்தே டாக்டருக்குப் போன் போய்விடும். திருச்சியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் யூரியாவும் கிரியேட்டினினும் நான் தினமும் புழங்கும் சொற்கள். இந்த 9.4 எங்கள் வீட்டு ஜாங்கிரியுடையது. பதின்மூன்று வயது ஆண் பூனை. பெயர் அவன் நிறத்தால் வந்தது. ரிப்போர்ட் வந்த வாரமே போய்விட்டான்.

அழுகை வரும் என்று தெரியும். வந்தது. நான் எதிர்பார்க்காதது அதன் பின்னாலேயே வந்த விசாரணை. கிரியேட்டினின் பார்க்கிற வேலையில் இருந்துகொண்டா இதை விட்டாய்? தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் காலியானதே, கண்ணில் படவில்லையா? நெத்திலியும் சோறுமாகப் போட்டதுதான் வினையாகிவிட்டதோ? ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால்? கடைசி ஊசிக்குத் தலையாட்டியது அவசரமோ? பூனையை நோய்க்குக் கொடுத்த யாரிடம் பேசினாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. நோயின் பெயர் மட்டும் மாறுகிறது. துக்கமும் சந்தேகமும் சேர்ந்தே வந்து உட்காருவதால் இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்கிறோம். துக்கத்துக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. சந்தேகங்களில் பாதிக்காவது பதில் உண்டு. தேடிப் போனால் கிடைக்கிறது.

முதல் சந்தேகம், ‘முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டாமா?’ என்பது. மனிதரின் ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டும் நுண்குழல்கள் உண்டு. பூனைக்கு ஒரு பக்கத்தில் சுமார் 2 லட்சம். அழிந்தது மறுபடி முளைக்காது. ஆனால் மிஞ்சியவை கூடுதல் பாரத்தை வாங்கிக்கொள்ளும். பத்துப் பேர் பார்க்கும் ஆபீஸில் ஆறு பேர் நின்றுவிட்ட பிறகும் கவுன்ட்டரில் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தால் வாசலில் நிற்பவருக்கு எதுவும் தெரியாதில்லையா, அப்படித்தான். சிறுநீரைக் கெட்டிப்படுத்தும் திறன் பூனைக்கு அபாரம். அதன் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. சுமார் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் அந்தத் திறன் தளர்கிறது. அப்போதுதான் தண்ணீர் அதிகம் குடிக்கிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் வரம்பு தாண்டுவதற்குள் முக்கால் பங்கு போயிருக்கும். இதில் இன்னொரு சூது உண்டு: கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. கிழப்பூனை மெலிய மெலிய, நோய் முற்றினாலும் எண் உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். எஸ்டிஎம்ஏ என்றொரு பரிசோதனை இதைவிட முன்னதாகவே சொல்லும்; சராசரியாக 40 சதவீத இழப்பிலேயே. ஆனால் நன்றாகத் தின்று, ஜன்னல் திட்டில் ஏறித் தூங்கும் பூனைக்கு யார் ரத்தம் எடுக்கப் போகிறோம்?

அவன் காட்டிக்கொள்ளவும் இல்லை. பூனை வேட்டையாடும் பிராணி. தன்னைவிடப் பெரியவற்றுக்கு அதுவே இரை. வலியை வெளியே சொல்லும் பூனை காட்டில் நிலைக்காது. 2019-இல் கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் பூனையின் முகத்தை வைத்து வலியை மதிப்பிட ஓர் அளவுகோல் கொண்டுவந்தார்கள். காதுகள் விலகியிருக்கின்றனவா, கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கோரம் இறுகியிருக்கிறதா, மீசை நீட்டி விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா என்று ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். படித்த மருத்துவர்களுக்கே கையில் ஓர் அளவுகோல் தேவைப்பட்ட விஷயம் இது. சமையலுக்கு நடுவில் எட்டிப் பார்த்துவிட்டு ‘படுத்திருக்கான்’ என்று நினைத்த எங்களை நான் இப்போது அதிகம் திட்டுவதில்லை.

இதெல்லாம் தெரிந்த பிறகும் மனசு ஒப்பவில்லை. ‘அந்தத் தண்ணீர்க் கிண்ணம்...’ என்று திரும்பத் திரும்ப அங்கேயே போனது. அதற்கும் ஒரு விளக்கம் கிடைத்தது, எதிர்பாராத இடத்தில். 1975-இல் பரூக் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர், 1814-இல் பிரிட்டிஷாருக்கும் கூர்க்காக்களுக்கும் மூண்ட போர் பற்றிய ஒரு பத்தியைப் பலருக்குப் படிக்கக் கொடுத்தார். பத்தி ஒன்றுதான். சிலருக்குக் கடைசியில் பிரிட்டிஷார் வென்றதாக ஒரு வரி, சிலருக்குக் கூர்க்காக்கள் வென்றதாக, சிலருக்கு யாரும் வெல்லாமல் இழுபறியாக நின்றதாக. இன்னும் சிலருக்கு முடிவே சொல்லவில்லை. பிறகு, எந்த முடிவுக்கு எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்று எல்லோரையும் கேட்டார். தங்களுக்குச் சொல்லப்பட்ட முடிவு எதுவோ, அதற்கு, முடிவு தெரியாதவர்கள் சொன்னதைவிட அதிக வாய்ப்பு இருந்ததாகச் சொன்னார்கள். பத்தியில் அதற்கான அறிகுறிகளும் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தன. முடிவு தெரிந்துவிட்டால் மூளை பின்னால் போய், எல்லாம் அப்போதே தெளிவாக இருந்த மாதிரி அடுக்கிவைத்துவிடுகிறது. என் தண்ணீர்க் கிண்ணமும் அப்படித்தான். அது சித்திரை மாதம். திருச்சி வெயிலில் வீட்டிலிருந்த எல்லோருமே குடம் குடமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் லேபில் ஒரு ரத்த மாதிரிக்கு இரண்டு நேரங்களைக் குறிப்போம்: எடுத்த நேரம், ரிசல்ட் வந்த நேரம். அந்தப் பழக்கத்தில் ஒரு நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, அந்தப் பக்கம் பிறகு தெரிந்தது என்று எழுதிப் பார்த்தேன். என்னைக் குத்திக்கொண்டிருந்தவை பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன. இந்தப் பக்கம் நின்ற சில கேள்விகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடமே போனேன். இதை யாருக்கும் சொல்வேன்: பிராணி போனபின் அந்த மருத்துவமனை வாசலை மிதிக்கவே பிடிக்காது, ஆனால் ஒருமுறை போய்க் கேட்டுவிடுங்கள்.

நெத்திலியைப் பற்றிக் கேட்டேன். “வயசான பூனைக்கு வர்ற கிட்னி நோய்ல, முதல்ல எது ஆரம்பிச்சு வெச்சதுன்னு பெரும்பாலும் கண்டுபிடிக்க முடியாது மேடம்” என்றார். நோய் வந்த பிறகு பாஸ்பரஸ் குறைந்த உணவு அதன் வேகத்தைக் குறைக்கும். ஆனால் நெத்திலி தின்றதால்தான் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. (லில்லிப் பூ வேறு விஷயம். அதன் இலை, பூ, மகரந்தம் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்துக்குக் கடும் விஷம். பூங்கொத்தில் வைத்து விற்கிறார்கள். பூனை இருக்கும் வீட்டுக்குள் விடாதீர்கள்.) ஒரத்தநாட்டைப் பற்றியும் கேட்டேன். சிறுநீரக நோய்க்கான சர்வதேச வகைப்பாட்டில் கிரியேட்டினின் 5-ஐத் தாண்டினாலே நான்காம் நிலை. அதற்கு மேல் நிலையே கிடையாது. தோலுக்கடியில் ஏற்றும் ரிங்கர் லாக்டேட் திரவம் எங்கே ஏற்றினாலும் அதே திரவம்தான் என்றார்.

ஊசியைப் பற்றிக் கேட்கத்தான் நாக்கு எழவில்லை. கடைசியில் கேட்டேன்: “கண்ணு திறந்தே இருந்துச்சே டாக்டர்?” முதலில் மயக்கத்துக்கு ஓர் ஊசி. அதன்பின் மயக்க மருந்தையே பெரிய அளவில் நரம்பில் செலுத்துகிறார்கள். நினைவு முதலில் போகிறது. மூச்சும் இதயமும் அதற்குப் பிறகு நிற்கின்றன. கண் மூடுவதற்குத் தசை வேலை செய்ய வேண்டும், அதனால் இறந்த பூனையின் கண் தானாக மூடுவதில்லை. எல்லாம் அடங்கியபின் ஒரு மூச்சு இழுப்போ, கால் துடிப்போ வரலாம். அது உடம்பின் அனிச்சை. அங்கே வலியை உணர யாரும் இல்லை. இதை முன்னாலேயே எடுத்துச் சொல்லும் மருத்துவர்கள் புண்ணியவான்கள்.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாட்டி இறந்தால் லீவு, பூனை இறந்தால் “என்ன, முகம் வாடியிருக்கு?” என்ற கேள்வி. “வேற ஒண்ணு எடுத்து வளர்த்துக்கோ” என்றார்கள், நல்லெண்ணத்தில்தான். சமூகம் துக்கமென்றே ஒப்புக்கொள்ளாத இந்த மாதிரித் துக்கத்துக்குக் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் நூலே கொண்டுவந்தார். அழ இடம் இல்லாததே அதன் பாதி கனம் என்பது என் அனுபவம். பழைய எகிப்தியர் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். வீட்டுப் பூனை செத்தால் குடும்பமே புருவத்தை மழித்துக்கொள்ளும் என்று ஹெரடோட்டஸ் எழுதிவைத்திருக்கிறார். புருவம் இல்லாதவரிடம் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். இன்னொன்று: துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று எல்லோரும் ஒப்பிக்கிறார்களே, 1969-இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் எழுதிய அது, சாகப் போகும் நோயாளிகளிடம் பேசி எழுதியது. நீங்கள் இரண்டாம் படியிலிருந்து நேராக வாசலுக்கு வந்துவிட்டாலும் குறையில்லை.

அண்ணன் மகள், “ஜாங்கிரியத் தூங்க வெச்சுட்டாங்களா அத்தை?” என்றாள். யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். செத்துப்போய்விட்டான், இனி வரமாட்டான் என்றே சொன்னேன். இல்லையென்றால் அவளுக்கு ராத்திரியில் தூங்கப் பயமாகிவிடும். புதுப் பூனைக்கு அவசரப்படாதீர்கள். அதிலும் குட்டி, பான்லூகோபீனியா என்ற பார்வோ வகைத் தொற்றில் போயிருந்தால் அந்த வைரஸ் வீட்டுக்குள் மாதக்கணக்கில், ஓராண்டு வரைகூட உயிரோடிருக்கும். தடுப்பூசி போடாத குட்டியைக் கொண்டுவந்தால் அதற்கும் ஆபத்து. வாரங்கள் போயும் தூக்கமும் வேலையும் பழையபடி வரவில்லையென்றால் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, தமிழிலேயே பேசலாம். ‘பூனைக்காகவா?’ என்று அவர்கள் கேட்டுவிடுவார்களோ என்று தயங்க வேண்டாம்.

அம்மாவுக்கு மட்டும் என் நோட்டும் கோடும் செல்லுபடியாகவில்லை. பூனையைக் கொன்ற பாவம் லேசில் தீராது என்று கேட்டு வளர்ந்தவள். நினைவு முதலில் போகிறது என்று விளக்கினேன்; “எல்லாம் சரிதாண்டி, ஊசி போடச் சொன்னது நாமதானே” என்றாள். அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சொன்னது நாங்கள்தான்; ஒரு நாள் முந்தியா, ஒரு நாள் பிந்தியா என்பதை எந்த லேபும் சொல்லப்போவதில்லை. சமயபுரத்துக்கு மாவிளக்கு வேண்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்தபோது, “பரிகாரம் பூனைக்கா, எனக்கா?” என்று கேட்டேன்.

“ரெண்டு பேருக்கும்தான். ஹெல்மெட்டப் போடு, கொள்ளிடம் பாலத்துல போலீஸ் நிப்பான்.”