விதியும் நிரலும்: தோட்டச் சம்பளக் கணக்கின் வழியே முடிவு மேலாண்மை

ஒரு நிறுவனம் நாள்தோறும் எடுக்கும் முடிவுகளுள் பெரும்பாலானவை சிறியவை. ஆயினும் ஒரே வகையாய்த் திரும்பத் திரும்ப எடுக்கப்படுபவை. ஒரு தொழிலாளிக்கு இம்மாதச் சம்பளம் எவ்வளவு, ஆண்டு விடுப்பு எத்தனை நாள் என்பன அத்தகையன. இவற்றை ஆளும் கட்டளைகள் தொழில் விதிகள் எனப்படும். அவ்விதிகளை எழுதி, சோதித்து, காலத்திற்கேற்ப மாற்றி, கணினி வழியே செயற்படுத்தும் கருவியே முடிவு மேலாண்மை மென்பொருள். அதன் அடிப்படைக் கருத்துகளை நம் வடசிலாங்கூர்த் தோட்டங்களின் சம்பளக் கணக்கைக் கொண்டே விளக்கலாம்.

அந்நாளில் விடியற்காலைப் பெரட்டில் வருகை பதியப்படும். அது செக்ரோலில் ஏறும். மாத இறுதியில் கிராணி கணக்கிடுவார். தொழிற்சங்கமும் முதலாளிகள் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தின்படி, ரப்பர் விலையோடு இணைந்து கூலியும் மாறும். விதி தாளில் இருந்தது. அதைப் பொருத்தும் முறை கிராணியின் கையில் இருந்தது. இன்று அம்முறை கணினி நிரலுக்குள் புகுந்துள்ளது. நிரலர் மட்டுமே படிக்கக்கூடிய வரிகளுக்குள் விதி மறைந்துவிட்டால், சம்பளச் சீட்டில் தொகை குறைந்தது ஏன் என்று கேட்பவருக்கு அலுவலகத்தாராலும் விடை கூற இயலாது. எனவே, விதியை நிரலிலிருந்து பிரித்து, அதனை அறிந்தோர் படித்துத் திருத்தத்தக்க மொழியில் வைத்தலே முதற்கருத்து.

இரண்டாவது, சொல் வரையறை. 'சேவைக் காலம்', 'வேலை நாள்', 'வேலையிடம்' ஆகிய சொற்களுக்கு ஒரே பொருள் நிலைபெறாமல் எந்த விதியும் நிலைபெறாது. இது முழுக்க முழுக்க மொழிப்பணி.

மூன்றாவது, முடிவு அட்டவணை. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, சேவை 2 ஆண்டுக்குக் குறைவாயின் ஆண்டு விடுப்பு 8 நாள். 2 ஆண்டு முதல் 5 ஆண்டுக்குக் குறைவு வரை 12 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 16 நாள். ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் நிபந்தனையும் வலப்பக்கம் முடிவும் அமையும். முதல் வரியில் '2 ஆண்டுக்குக் குறைவு' என்றும் அடுத்த வரியில் '2 ஆண்டுக்கு மேல்' என்றும் எழுதினால், சரியாக 2 ஆண்டு நிறைந்தவருக்கு இடமே இல்லை. முதல் வரியை '2 ஆண்டு வரை' என்றும் அடுத்ததை '2 ஆண்டு முதல்' என்றும் எழுதினால், அவருக்கு இரண்டு விடைகள். இடைவெளியும் மேற்பொருந்தலும் இல்லாமை நல்ல அட்டவணையின் இலக்கணம். இத்தகைய அட்டவணைகளை எழுதுவதற்கான டிஎம்என் என்னும் அனைத்துலகக் குறிமுறை 2015இல் வெளிவந்தது.

நான்காவது, பொதுவிதியும் சிறப்புவிதியும். நிலைமொழி உயிரில் முடிந்து வருமொழி வல்லினத்தில் தொடங்கும் இடங்கள் பலவற்றில் வலி மிகும். வினைத்தொகையில் மிகாது என்று மாணவர் கற்கின்றனர். சம்பளமும் அவ்வாறே. 1.2.2020 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 56 மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளில் 1,200 ரிங்கிட். ஏனைய இடங்களில் 1,100 ரிங்கிட். கிள்ளான் அப்பட்டியலில் இருந்தது. அன்று மாவட்ட மன்றத்தின் கீழ் இருந்த கோலசிலாங்கூர் இல்லை. காப்பாரில் பணிபுரிந்தவருக்கும் எல்லை கடந்து ஜெராமில் பணிபுரிந்தவருக்கும் இடையே மாதம் 100 ரிங்கிட் வேறுபாடு. மென்பொருள் வேலையிடத்தைப் பாராமல் தலைமையகத்தின் முகவரியைப் பார்த்திருந்தால், முடிவு பிழையாகும்.

ஐந்தாவது, விதியின் காலம். ஐவரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் இடங்களில் குறைந்தபட்சச் சம்பளம் 1.2.2025 முதல் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. பிப்ரவரியில் கணக்கிட்டாலும் ஜனவரி மாத உழைப்புக்கு ஜனவரி விதியே பொருந்தும். ஆதலால் பழைய விதியை அழித்து எழுதலாகாது. தொடக்க நாளும் முடிவு நாளும் குறித்து ஒவ்வொரு பதிப்பையும் காக்க வேண்டும். பின்னாளில் நிலுவை கோருவோருக்கு அதுவே சான்று.

ஆறாவது, சோதனையும் காரணங்காட்டலும். புதிய விதியை நடைமுறைக்குக் கொணருமுன் கடந்த மாதக் கணக்குகளில் ஓட்டிப் பார்த்து, யாருக்கு எவ்வளவு மாறுகிறது என்று காணலாம். ஒவ்வொரு முடிவோடும் எந்த விதியின் எந்த வரியால் அது விளைந்தது என்ற பதிவும் இருத்தல் வேண்டும்.

விதி நியாயமானதா என்பதை மென்பொருள் தீர்மானிக்காது. அது நாடாளுமன்றத்திலும் சங்கப் பேச்சுவார்த்தையிலும் தீர வேண்டியது. ஆனால் விதி தெளிந்த சொற்களில் வெளிப்பட நின்றால், செம்பனைக் குலை அறுப்பவரும் தம் சம்பளச் சீட்டைத் தாமே சரிபார்க்கலாம். ஆசிரியர்கள் பள்ளி நூலகத்தின் இரவல் விதிகளை மாணவரைக் கொண்டு அட்டவணையாக்கச் செய்து, அதில் இடைவெளி தேடச் சொல்லலாம். இக்கலைக்கு அது தக்க தொடக்கப் பயிற்சி.